பூக்காத அவரை

கண்டிக்கு மேலே, காப்பித் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்தின் நிழலில் வீராயி ஊன்றிய அவரை வெளுத்து நெடுகிப் போயிற்று. அதைப் பார்த்த அவள் புருஷன் சடையன், அவள் காப்பி காயவைக்கும் களத்தோரத்தில் வேறு விதை ஊன்றினான். நாள் முழுக்க வெயில் விழும் இடம். கொடி, அவன் போட்ட பந்தலில் மளமளவென்று ஏறியது.

அதோடு விட்டானா? மாட்டுப்பட்டியில் வேலை செய்கிறவன், தினமும் ஒரு கூடை சாணி எருவைக் கொண்டுவந்து கொட்டினான். பந்தலை இலை காடாக மூடியது. பூவைத்தான் காணோம்.

"எரு மிஞ்சினா இலைதான் வரும், காய் வராது. காப்பிக்கு எரு போடுற ஆளுக்கு இது தெரியாதா?" என்றாள் வீராயி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கொட்டுறீங்க? ஒரு கொடிப் பந்தலுக்கு இத்தனை தடிச்ச மரம் வேற. யானை கட்டப் போறீங்களா?"

சடையன் சிரித்தான்.

"எனக்கு அவரைக்கா திங்கணும்போல இருக்கு," என்றாள் அவள், கோபம் குறையாமல்.

"கண்டிக் கடையில வாங்கியாறேன். இது காய்க்க வேணாம். நிழல் தந்தா போதும்."

"வெயில் எனக்குப் பழக்கந்தானே. நிழல் யாருக்கு?"

அவன் பந்தலின் குறுக்கு மரத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். மரம் அசையவில்லை.

"தொட்டில் கட்டினா தாங்கும்," என்றான்.

வீராயியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. போன தடவை கரு கலைந்தபோது அவன் அழுத அழுகைக்குப் பயந்து, இந்த முறை அவள் அவனிடம் இன்னும் சொல்லவே இல்லை.