கிணறுகள் உவர்த்த பாட்டு

“அப்பிடிப்பட்டவள் செத்ததுதான் நல்லது,” என்றார் ஐயாத்துரை.

புராணத்தில் வந்த பெண்ணைத்தான் சொன்னார். ஆனால் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலுக்கு வெளியே நல்லம்மா நின்றாள். மகள் இரஞ்சிதம் வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்து முப்பது நாள். சாவுத் துடக்கு கழியவில்லை, உள்ளே வர முடியாது. நாளைக்கு அந்தியேட்டி. அந்த முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்து ஒரு ஆளாவது அவள் வீட்டுப் பந்தியில் இருந்து கை நனைத்தால்தான் செத்தவள் நிம்மதியாய்ப் போய்ச் சேர்வாள். அதற்கு ஆள் அழைக்கத்தான் வந்து நின்றாள். செத்த வீட்டுக்கே வராத சனம் சாப்பிடவா வரும்?

இரஞ்சிதம் செய்த குற்றம் என்னவென்று எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் எவருக்கும் சரியாகத் தெரியாது. பஸ் நிற்கிற இடத்தில் எவனோடோ கதைத்தாளாம். கண்டது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். ஆனால் கதைக்க மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது.

அன்று புராணப் படிப்பிலும், பாருங்கள், ஊர்ப் பழிக்கு ஆளான ஒரு பெண் கடலில் இறங்கிச் சாகிற இடம். கனகசபை பாட்டை இழுத்து வாசித்தார். ஐயாத்துரை பயன் சொன்னார், அதாவது பாட்டுக்குப் பொருள் விரித்தார். வருஷா வருஷம் அவர் சொல்வதுதான் பொருள். ஈவிரக்கம் இல்லாத மனுஷன் என்று எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

“மானம் போனவள் ஊருக்குப் பாரம். அதைத்தான் புலவர்…”

“ஒரு நிமிசம் ஐயா.”

எழும்பியவர் அரியநாயகம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கொழும்புப் பத்திரிகைகளில் இலக்கிய விமர்சனம் எழுதுகிறவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். பயன் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. கோயில் முகாமையாளர் வைத்திலிங்கம் முறைத்தார்.

“அவள் குற்றவாளி எண்டு ஆர் சொல்லுகினம்?” என்று கேட்டார் அரியநாயகம்.

“பாட்டிலை கிடக்கு, தம்பி. நீர் கேக்கேல்லையே?”

“பாட்டிலை ஊர்ச்சனம் சொல்லுது. புலவர் தன்ரை வாயாலை ஒரு இடத்திலையும் சொல்லேல்லை. கண்டனெண்டு சொல்ல ஒரு சாட்சியையும் அவர் காட்டேல்லை. ஊர் சொல்லுறதைப் புலவர் சொல்லுறாரெண்டு நீங்கள் இவ்வளவு காலமும் சொல்லிப்போட்டியள்.”

மண்டபம் சலசலத்தது.

“கனகசபை அண்ணை, அடுத்த பாட்டை வாசியுங்கோ.”

கனகசபை வாசித்தார். அவள் கடலில் இறங்கிய மறுநாள், அந்த ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போகின்றன.

“அது கடல் பொங்கினதாலை,” என்றார் ஐயாத்துரை.

“கடல் பொங்கினதா எங்கை கிடக்கு? குற்றம் அவளிலை எண்டால், தண்டனை ஏன் ஊருக்கு வருது ஐயா? ஒருத்தியைப் பேசிப் பேசிச் சாகடிச்ச ஊர் இனி நல்ல தண்ணி குடிக்க ஏலாது எண்டெல்லோ புலவர் சொல்லுறார்!”

உவர்க் கிணறு என்றால் என்னவென்று தீவாருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கும் கண் கலங்கியது.

“இன்னொருக்கால் வாசியும்,” என்றார் ஐயாத்துரை, கனகசபையிடம்.

கனகசபை மறுபடியும் வாசித்தார். ஐயாத்துரை ஏட்டை மூடினார். முகம் கறுத்து எழும்பிப் போய்விட்டார்.

“கிழவனுக்கு ரோசம்,” என்று சிரித்தார்கள். வைத்திலிங்கமே அரியநாயகத்துக்குச் சால்வை போர்த்தினார்.

வெளியே வந்தவரை நல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டனான். என்ரை பிள்ளைக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. நாளைக்கு அந்தியேட்டி. நீங்கள் ஒராள் வந்து ஒரு பிடி சாப்பிட்டாக் காணும்.”

அரியநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, அது இலக்கியம். அதை ஆராயலாம். இது ஊர் விசயம். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கிடக்கு, விளங்குதோ? குறை நினையாதேங்கோ.”

சால்வையோடு ஏ-40 காரில் ஏறிப் போனார்.

மறுநாள் நடந்ததைப் பிறகு நல்லம்மா சொல்லித்தான் அறிந்தேன். கிரியை முடித்துக் குருக்களும் போய்விட்டார். நல்லம்மா சோறு, கறி எல்லாம் சமைத்து, வாழையிலை போட்டு வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் ஏறியது. இலை சுருளத் தொடங்கியது. சமைத்ததை மாட்டுக்கு வைப்போம் என்று எழும்பியபோது படலை திறந்தது.

ஐயாத்துரை.

கோயிலில் தோற்ற கோபத்தை இங்கே தீர்க்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

“முதல்லை தண்ணி தா பிள்ளை.”

“அந்தக் கிணத்துத் தண்ணிதான் ஐயா கிடக்கு.”

“தெரியும். தா.”

செம்பை அண்ணாந்து முழுவதும் குடித்தார். இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார்.

“இஞ்சை கை நனைச்சால் இனிக் கோயில்லை பயன் சொல்ல விடமாட்டினம் ஐயா.”

“வைத்திலிங்கம் வழியிலை மறிச்சுச் சொன்னவன். சோத்தைப் போடு.”

“அந்தத் தம்பியே வரமாட்டன் எண்டிட்டார். நீங்கள் ஏன் ஐயா…?”

ஐயாத்துரை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

“அவர் சொன்ன பயன் சரி, பிள்ளை. சரியெண்டால் நான் வரத்தானே வேணும்?”