பின்காற்று

டோக்கியோவில் மகன் தோப்பிக்குப் பச்சைத் தேயிலை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் ரைலிக்கு ஹெல்சிங்கி மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கிடைத்த முதல் விமானத்தில் ஏறிவிட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் கலெர்வோவும் ஹெல்சிங்கிக்காரர்தான், வாய் ஓயாதவர்.

“முன்னெல்லாம் ரஷ்யா மேல பறந்து ஒன்பது மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடுவோம். இப்ப அந்த வழியை மூடிட்டாங்க. துருவத்தைச் சுத்திக்கிட்டு, பனிக்கரடிக்கெல்லாம் கையாட்டிட்டுப் போகப் பதிமூணு மணி நேரம்! உங்களுக்கும் அவசரமா?”

“மகன் ஆஸ்பத்திரியில இருக்கான். விபத்து.”

கலெர்வோவின் சிரிப்பு நின்றது. “அடடா, தெரியாம உளறிட்டேன். கவலைப்படாதீங்கம்மா. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஆகாது. அது எனக்குத் தெரியும்” என்றாள் ரைலி.

அப்போது விமானியின் குரல் ஒலித்தது. பின்காற்று பலமாக இருக்கிறதாம். நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடலாமாம். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

“கேட்டீங்களா! காத்து கூட உங்க பக்கந்தான்” என்று திரும்பிய கலெர்வோ, அவள் அழுவதைக் கண்டு திகைத்தார்.

“அவனுக்கு மூளை செத்துப்போச்சாம். மூச்சை மெஷின்தான் விடுது. நான் வந்து பார்த்ததும் நிறுத்திடுவாங்களாம்.” ரைலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்றீங்களா?”

பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான் வரை கலெர்வோவின் கை போனது. என்னவென்று சொல்வது? கையை இறக்கிக்கொண்டார்.

காற்று பின்னாலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது.