சிவப்புக் கோடு

செப்டம்பர் 9. மாலை வகுப்பில் ஒரு சொல்லைத் திருத்தியதில் பிழை விட்டேன். சிவப்புக் கோடும் போட்டுவிட்டேன்.

நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்டு ஜெசிந்தா ஜெபிக்க முழந்தாளிட்டாள். மனம் ஒட்டவில்லை.

“ஒரு சொல்லுதானே அக்கா? யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள் தங்கை மெர்லின்.

“ஆண்டவருக்குத் தெரியுமே. நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடப் போறேன்.”

“சிரிப்பாங்க. அப்புறம் அங்க உனக்கு என்ன மரியாதை?”

அந்தப் பயம் ஜெசிந்தாவுக்கும் இருந்தது. மறுநாள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தான் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் எழுந்து நின்றாள்.

“நல்லம்மா அக்கா எழுதின ‘பெரட்டு’ சரிதான். பெரட்டுன்னா தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுறதுன்னு நேத்து பஸ்ஸில கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். டவுன்ல வளந்த எனக்கு அது தெரியல. ‘புரட்டு’ன்னு நான்தான் திருத்திட்டேன். மன்னிச்சுக்கங்க.”

கொழுந்து பறித்த களைப்போடு அமர்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்லம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

“அதானே டீச்சர்! ‘காலையில ஆறு மணிக்குப் புரட்டுக்குப் போறேன்’னு வீட்டுல வாசிச்சேன். ‘புரட்டுன்னா ஏமாத்து வேலையாச்சே, எந்தப் பேங்க ஏமாத்தப் போற?’ன்னு கேட்டாரு எங்க வீட்டுக்காரர்!”

வகுப்பே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். அன்றைய ஜெபத்தில் மனம் ஒட்டியது.

செப்டம்பர் 10. நாளைய வேலை: நல்லம்மா அக்காவின் கொப்பியில், என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், ‘இது சரி, பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.