கழுவாத ரோல்

“அண்ணி, நீங்க தள்ளுங்க. நான் கழுவுறேன். அண்ணன்கூட எத்தனை ஃபிலிம் ரோல் கழுவியிருக்கேன்!”

“வேணாம் இன்னாசி. என் புருஷன் எடுத்த கடைசி ரோல். நான்தான் தொடுவேன்.”

அற்புதமேரி இப்படி வெட்டிப் பேசியதும் இன்னாசிமேரிக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய இந்த போட்டோ ஸ்டுடியோவில் தங்கச்சிக்கு உரிமை போய்விட்டதா?

வாசலில் உப்பளத்து இருசப்பன், ஒரு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பிரசவத்தில் அவன் மனைவி அருக்காணி போய்விட்டாள். எழுபத்து நாலாம் வருஷப் பங்குனியில், உப்புக் குவியல் பக்கத்தில் அவளை நிற்கவைத்து அண்ணன் எடுத்ததுதான் அவளுடைய ஒரே போட்டோ.

“பன்னெண்டு படமும் முடியட்டும், கழுவித் தர்றேன்னாரு. அதுக்குள்ள அவரும் போயிட்டாரு, இவளும் போயிட்டா. நாளைக்கு இந்தப் புள்ள அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா என்னத்தைக் காட்டுவேன்? உங்களுக்கு வரலைன்னா குடுங்கம்மா. பாண்டிச்சேரிக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“வரும்பா. உட்காரு.”

“எதுக்கு அப்புறம் எதுன்னாவது தெரியுமா?” இன்னாசிமேரி விடவில்லை. “முதல்ல டெவலப்பர், அப்புறம் தண்ணி, கடைசியிலதான் ஹைப்போ. மாத்திப் போட்டா படம் மொத்தமும் கரைஞ்சு போயிடும்!”

“தெரியும்டி.”

அற்புதமேரி இருட்டறைக்குள் போனாள்; கறுப்புத் திரை விழுந்தது. உள்ளே ஃபிலிமிலிருந்து காகிதம் பிரியும் சத்தம்; பிறகு கிண்ணத்தில் அது அலையும் சத்தம். இருசப்பன் குழந்தையைத் தட்டிக்கொடுக்கவும் மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன அண்ணி, தடுமாறுதா? வரட்டுமா?”

“நீ வெளியவே நில்லு.”

கால்மணி கழித்து அற்புதமேரி வெளியே வந்தாள். கையில் தொங்கிய ஃபிலிம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. பேருக்கு ஒரு நிழல்கூட இல்லை.

“இருட்டுல கிண்ணத்தை மாத்திட்டேம்பா. முதல்லயே ஹைப்போவுல போட்டுட்டேன்.”

இருசப்பன் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். திருப்பி வைத்தும் பார்த்தான்.

“அவரு கையில இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? தங்கமான மனுஷன். கூப்பிட்ட உடனே உப்பளத்துக்கே நடந்து வந்தாரு. நீ நல்லா இருப்பியா?”

குழந்தை வீறிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் வெயிலில் இறங்கிப் போனான்.

இன்னாசிமேரி அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஹைப்போ புளிச்ச நெடி அடிக்குமே, மூக்குமா செத்துப்போச்சு? வீம்புக்கு ஒருத்தி மூஞ்சியையே அழிச்சிட்டியே, பாவி! என் அண்ணன் கடை பேரும் போச்சு!”

அற்புதமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்க அண்ணன் பேரு போகலை, இன்னாசி. ‘ஃபிலிம் தீர்ந்துபோச்சு, ஆசையா நின்ன புள்ளத்தாச்சிகிட்ட இல்லைன்னு சொல்ல மனசு வரலை, வெறும் கேமராவைத் தட்டிட்டு வந்துட்டேன்’னு சாகறதுக்கு முந்தின நாள் சொல்லி அழுதாரு. நான் ஹைப்போவுல போட்டது, அவளை மறுபடி எடுக்கறதுக்காக அவரு வாங்கி வெச்சிருந்த புது ரோல்.”