சூடு ஆறுமட்டும்

அந்தப் பழைய ஜீப் என்ரை கராச் வாசல்லை வந்து நிக்கேக்கை பொனற்றுக்குள்ளாலை வெள்ளை ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

இறங்கினவன் வாள்வெட்டுக் கோஷ்டி றொகான்.

பின்சீற்றிலை சாக்காலை மூடி ரெண்டு வாள். பிடி ரெண்டும் வெளியிலை தெரிஞ்சுது. முன்சீற்றிலை இருந்த மற்றவன் இறங்கவேயில்லை. பழஞ்சீலை ஒண்டாலை கையைத் துடைச்சுக்கொண்டேயிருந்தான்.

அச்சுவேலியிலை தோட்டம் செய்யிற என்ரை தம்பி சுதாகரன் வாற திங்கக்கிழமை கோட்டிலை றொகானுக்கு எதிராச் சாட்சி சொல்லப்போறான். சந்தையிலை உவன் ஒருத்தன்ரை கையை வெட்டினதைக் கண்ணாலை கண்டவன். வாயைத் திறந்தா தலை இருக்காது எண்டு ரெண்டுதரம் ஆள் விட்டுச் சொல்லியும் போட்டான். இப்ப வாளோடை அங்கைதான் போறான்.

நான்தான் சுதாகரன்ரை அண்ணை எண்டு உவனுக்குத் தெரியாது. நான் கலியாணம் கட்டிக் கொடிகாமத்துக்கு வந்து இருவது வருசம்.

"பத்து நிமிசம். வண்டி ஓடவேணும்," எண்டு சொல்லி என்ரை போனைப் பிடுங்கித் தண்ணித் தொட்டிக்குள்ளை எறிஞ்சான்.

தம்பிக்குச் சொல்ல வேறை வழியில்லை. இனி என்னாலை ஏலுமானது ஒண்டுதான். வண்டியை அசையவிடாமல் மினைக்கெடுத்தவேணும்.

சூடு ஆறுமட்டும் றேடியேற்றர் மூடியிலை கை வைக்கேலாது, முகம் வெந்துபோகும் எண்டன். அது பொய்யில்லை. முப்பது வருசமா வாறவை எல்லாருக்கும் சொல்லுறதுதான்.

பெல்ற்றை அமத்திப் பாத்தன். நல்ல இறுக்கம். தொய்ஞ்சுபோச்சு எண்டு கழட்டித் திரும்பப் பூட்டினன். தண்ணிப் பம்பைத் தட்டினன். பைப்பு ஒவ்வொண்டாத் தடவினன். எங்கையோ ஒரு வீட்டிலை வெங்காயம் வதக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. உலகம் தன்ரை பாட்டிலை சமைக்குது எண்டு எரிச்சலா இருந்தது.

றொகான் வாளை எடுத்து அதின்ரை பட்டைப் பக்கத்தாலை என்ரை முதுகிலை விளாசினான். முகம் போய் மட்கார்ட்டிலை மோதி ஒரு பல்லுக் கழண்டுது. ரத்தத்தோடை துப்பினன்.

அடி உதவிற மாதிரி அண்ணன் தம்பி உதவான் எண்டு சொல்லுவினம். விசர்க் கதை! இஞ்சை அண்ணன் வாங்கிற அடிதான் தம்பிக்கு உதவி.

அடுத்தது காதோடை விழுந்தது. கையிலை இருந்த ஸ்பானரை வேணுமெண்டே விழுத்தினன். அடிச்சுக் கொல்லடா நாயே, அதுக்கும் நேரம் போகும் எண்டு மனசுக்குள்ளை திட்டினன். சந்தோசமா இருந்தது எண்டு சொன்னா நம்பமாட்டியள்.

ஸ்பானரை எடுக்கக் குனியேக்கைதான் றேடியேற்றரின்ரை முன்பக்கத்தைப் பாத்தன்.

முழுக்கச் சேறு. காத்துப் போக ஊசி ஓட்டை இல்லை. எஞ்சின் கொதிக்காமல் என்ன செய்யும்?

ஆனா சேறு சிவப்பு. எங்கடை கொடிகாமத்து மண் வெள்ளை. அந்தச் செம்மண் சேத்துக்குள்ளை வெங்காயத் தாள் கத்தைகத்தையாச் செருகிக் கிடந்து சூட்டிலை வதங்கிக்கொண்டிருந்தது. மணம் அதிலையிருந்துதான் வந்தது.

அச்சுவேலி மட்டுமில்லை, வலிகாமம் முழுக்கச் செம்மண்தானே, எல்லாரும் வெங்காயம்தானே வைச்சிருக்கினம் எண்டு எனக்கு நானே சொன்னன். முருகா, வேறை ஆரின்ரையோ தோட்டமா இருக்கட்டும்.

கீழாலை எட்டி உள்ளுக்குப் பாத்தன். எஞ்சின் காத்தாடிக்கு முன்பக்கம், மேலாலை தெரியாத இடத்திலை, கசெற் நாடா சுத்திக் கிடந்தது. மண்ணிறமா, மினுங்கிக்கொண்டு, முழக் கணக்கிலை.

தோட்டத்துக்கு மயில் வருது, நாடாவைச் சுத்திக் கட்டினா காத்துக்கு இரைஞ்சு கலைக்கும் எண்டு தம்பி கேட்டு, போன மாசம் என்ரை பழைய பாட்டுக் கசெற் முழுக்க நான்தான் பெட்டியோடை குடுத்தனான்.

உவங்கள் வெட்டப் போகேல்லை. வெட்டிப்போட்டுத் தப்பி ஓடுறாங்கள்.

நான் வாங்கின அடி அவ்வளவும் வீண். ஐயோ எண்டு குழற வாய் வந்தது. பல்லுப் போன ஓட்டையிலை நாக்கை வைச்சு அமத்தினன்.

எழும்பினன். எண்ணைச் சீலையைக் கையிலை ரெண்டு சுத்துச் சுத்தினன்.

"வண்டியின்ரை வருத்தம் பிடிபட்டிட்டுது. சூடும் ஆறிட்டுது. உந்த மூடிக்குக் கீழை வெடிப்பு. கிட்டக் குனிஞ்சு பார்."

றொகான் வாளை மட்கார்ட்டிலை சாத்திப்போட்டு வந்து நல்லாக் குனிஞ்சான்.

சூடு ஆறேல்லை.

மூடியைத் திருகினன்.