அணைக்காத மெயின்

கணினி இயக்கும் பட்டுத் தறியில் பிட் ஒன்றானால் பூ போடும் கொக்கி எழும், பூஜ்யமானால் எழாது. அந்த நிரலை எழுதுவது நான்தான். இதே தறியில் அப்பாவுக்கு ஷாக் அடித்தபோது, இழை அறுந்துவிடும் என்று மெயினை அணைக்காமல் நின்றவர் முதலாளி லோகநாதன். அப்பா செத்தது மாரடைப்பில் என்று ஊருக்குச் சொன்னார். எனக்கு வேலை கொடுத்தார்.

நேற்று முந்தானையில் நான் எழுதாத உருவம் ஒன்று விழுந்தது.

"இன்னாம்மா இது, படிச்ச பொண்ணு லட்சணம்? ஜல்தி அழி" என்றார் முதலாளி.

"அழிச்சிட்டேங்க. ஓட்டிப் பாருங்க."

ஒரே மேக்ரோ கட்டளையில் எல்லா பிட்டையும் பூஜ்யமாக்கியிருந்தேன். ஓட்டினார். முதலில் வெறும் பட்டு வந்தது. பிறகு ஒரு கை வந்தது. நாலு விரல். அப்பாவின் சுண்டுவிரலை இந்தத் தறி முன்பே எடுத்திருந்தது.

முதலாளி ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"அன்னிக்கே அணைச்சிருக்கணுங்க" என்றேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது.