வேண்டும் என்ற ஒரு கை

சுங்கச்சாவடி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி.

கூடமே தூக்கியது. லாரிக்காரர்கள், வேன்காரர்கள், கடைக்காரர்கள். வண்டியே இல்லாதவர்கள்கூட, சும்மா இருப்பானேன் என்று தூக்கினார்கள்.

தையல்காரியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

பக்கத்தில் இருந்த அண்ணன் முழங்கையால் இடித்தான். இரண்டு லாரி வைத்திருப்பவன். அவளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தைந்து. இரண்டு மணிக் கூட்டத்துக்கு அதிகாரி மூன்றேகாலுக்கு வந்து சேர்ந்தார், மகராசன்! நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். மகள் நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தினமும் கையைப் பிடித்து அழைத்து வருவது இவள்தான். அம்மா வரும்வரை அந்தப் பக்கமே நில் என்று காலையில் பத்து தடவை சொல்லியாயிற்று. ஆறு வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் நிற்கும்?

எழுந்து ஓடிவிடலாம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் போனால் நாளைக்கும் இதே கதிதான்.

கைகளை எண்ணி எழுதிக்கொண்டபின், வேண்டும் என்பவர்கள் உண்டா என்று அதிகாரி கடமைக்குக் கேட்டார். ஃபைலைக்கூட மூடிவிட்டார்.

அவள் கையைத் தூக்கினாள்.

மொத்தக் கூடமும் திரும்பியது. பாதிப் பேர் அவளிடம் துணி கொடுப்பவர்கள். இனி யார் கொடுப்பார்கள்? அண்ணன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்த்தால் கை தானாக இறங்கிவிடும்.

“பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதான சார் டோல்கேட் வருது? அங்க எல்லா வண்டியும் நின்னுதானே போகணும்? பிள்ளைங்க பயமில்லாம தாண்டலாம்ல?”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இன்றைக்கு அவருக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அதுதான்.

“அட, அந்தக் காலம் போச்சும்மா. இப்ப எல்லாம் கேமராதான். ஒரு வண்டியும் நிக்க வேண்டாம், வேகத்தக்கூடக் குறைக்க வேண்டாம். அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம்!”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அவள் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மட்டும் தட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். நான்கு ஐந்து. லோடு ஏற்றிய அவன் லாரி தினமும் பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிற நேரம்.

கைபேசியை எடுத்து டிரைவரை அழைத்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.